ஆறு காடுகள், ஆறு தங்கங்கள்: ஓலாவ் லுண்டனேஸ் ஓடிய ஓட்டம்

வழி தெரியாமல் திண்டாடுகிறவரைப் பார்த்தால் ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி’ என்போம். நார்வேக்காரர்கள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். கண்ணை மட்டும் கட்டுவதில்லை. கையில் ஒரு வரைபடம், கட்டைவிரலில் ஒரு திசைகாட்டி, அப்புறம் முன்பின் பார்த்திராத ஒரு காடு. உள்ளே அங்கங்கே தொங்கவிட்டிருக்கும் கொடிகளைச் சொன்ன வரிசையில் தொட்டுவிட்டு யார் சீக்கிரம் முடிவுக்கோட்டுக்கு வருகிறாரோ அவர் ஜெயித்தார். இதற்கு ஓரியண்டீரிங் என்று பெயர்.

இதில் ஓலாவ் லுண்டனேஸ் என்ற நார்வேக்காரர் நெடுந்தூரப் பிரிவில் மட்டும் ஆறு முறை உலக சாம்பியன்: 2010, 2012, 2016, 2017, 2018, 2019. ஒலிம்பிக்கில் ஓரியண்டீரிங் கிடையாது என்பதால் வட ஐரோப்பாவைத் தாண்டி அவரை அறிந்தவர்கள் குறைவு. இன்னொரு சிக்கலும் உண்டு. நூறு மீட்டர் ஓட்டக்காரர் என்றால் அவருடைய நேரத்தைச் சொல்லிவிட்டாலே போதும், எவ்வளவு பெரிய ஆள் என்று புரிந்துவிடும். இங்கே உலக சாதனை நேரம் என்று ஒன்று இல்லை, இருக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் நாடு வேறு, காடு வேறு, தூரம் வேறு, ஏற்றம் வேறு. அப்படியானால் ஆறு தங்கத்தின் கனத்தை எதை வைத்து எடைபோடுவது? முதலில் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உலக சாம்பியன்ஷிப்பில் நெடுந்தூரப் போட்டிக்கு ஆண்கள் பிரிவில் வெற்றி நேரம் ஏறக்குறைய 90 முதல் 100 நிமிடம் வரும்படி தடத்தை அமைக்கிறார்கள். ஓட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளி விட்டு அனுப்புவார்கள். வரைபடம் கைக்கு வருவது தன் முறை வந்து கிளம்பும்போதுதான். அதுவரை தடம் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்பதுகூடத் தெரியாது. வரைபடத்தில் கிளம்பும் இடம் ஒரு முக்கோணம், கொடிகள் எல்லாம் எண் போட்ட வட்டங்கள், முடிவு இரட்டை வட்டம். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எப்படிப் போவது என்பது ஓடுகிறவர் பாடு.

வரைபடத்தின் நிறங்களும் நாம் பள்ளியில் படித்த மாதிரி இருக்காது. வெள்ளை என்றால் வெட்டவெளி என்று நினைத்துவிடக் கூடாது. தடையில்லாமல் ஓடக்கூடிய காடு அது. பச்சை என்றால் புதர் மண்டிய இடம், பச்சை அடர அடர வேகம் குறையும். மஞ்சள் திறந்தவெளி. பழுப்புக் கோடுகள் நிலத்தின் ஏற்ற இறக்கம், நீலம் நீரும் சதுப்பும், கறுப்பு பாறையும் பாதையும். நெடுந்தூரப் போட்டியில் 1:15,000 அளவு வரைபடம்தான் வழக்கம். அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 150 மீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் மேடு, பள்ளம், பாறை, சதுப்பு எல்லாவற்றையும் நுணுக்கி எழுதியிருப்பார்கள். அதைக் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டே படிக்க வேண்டும். உட்கார்ந்து படித்தாலே நமக்குக் கண் கட்டும்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழாவது கொடியிலிருந்து எட்டாவது கொடிக்கு நேராகப் போனால் 2.5 கிலோமீட்டர், நடுவில் மொத்தம் 120 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி ஒரு மண்பாதை இருக்கிறது. அதில் போனால் 3.3 கிலோமீட்டர், ஏற்றம் 40 மீட்டர்தான். ஒரு மீட்டர் ஏறுவது சமதரையில் எட்டு மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், நேர்வழி ஏறக்குறைய 3.5 கிலோமீட்டர், சுற்றுவழி 3.6. கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படி ஒன்றாக வரும்படி அமைப்பதுதான் தடம் போடுகிறவரின் கெட்டிக்காரத்தனம். மேலே என்ன சேர்க்க வேண்டும்? நேர்வழியில் வெள்ளைக் காடா பச்சைக் காடா, சதுப்பு காலை எவ்வளவு இழுக்கும், பாதையில் போனால் வரைபடத்தைப் பார்க்காமல் ஓடலாமே என்ற நிம்மதி, அந்த நிம்மதியில் அடுத்த நாலைந்து கொடிகளுக்கு இப்போதே வழி பார்த்து வைத்துவிடலாமே என்ற ஆசை. இவ்வளவையும் சில நொடிகளில் முடிவுசெய்ய வேண்டும். நின்று யோசித்தால் நேரம் போகும், யோசிக்காமல் ஓடினால் அதைவிட அதிகமாகப் போகும்.

வழி தவறி நேரத்தைக் கோட்டைவிடுவதை நார்வே மொழியில் ‘பொம்’ என்பார்கள். மேல்மட்டத்தில்கூட பொம் இல்லாத ஓட்டம் அபூர்வம். ஒன்றரை மணி நேரம் ஓடும்போது நாற்பதாவது நிமிடம் வரை மூளை தெளிவாக இருக்கும். எழுபதாவது நிமிடத்தில் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மேடுகளில் எது எது என்று குழம்பும். நெடுந்தூரப் பிரிவின் வேடிக்கையும் கொடுமையும் இதுதான்: கால் சோரும் நேரத்தில்தான் கண் கூர்மையாக இருக்க வேண்டும். முப்பது முப்பத்தைந்து நிமிடத்தில் முடியும் நடுத்தர தூரப் போட்டியில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கிடையாது. அங்கே கொடிகள் நெருக்கமாக இருக்கும், நிலம் நுணுக்கமாக இருக்கும், ஒரு விநாடிகூட வரைபடத்திலிருந்து கவனம் விலக முடியாது. இரண்டும் ஒரே விளையாட்டு என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் கேட்கும் குணம் வேறு வேறு.

லுண்டனேஸின் குணம் நெடுந்தூரத்துக்குச் செய்து வைத்தது. 1987 நவம்பரில் பிறந்தவர். மேற்குக் கடற்கரையில், மலையும் கடலும் முட்டிக்கொள்ளும் ஓலெசுண்ட் பக்கத்துக்காரர். பெரிய பந்தயங்களில் அவர் ஓடியது ஹால்டன் என்ற ஊரின் கிளப்புக்காக. ஸ்வீடன் எல்லையை ஒட்டிய சின்ன ஊர் அது. ஊருக்கு மேலே ஒரு பழைய கோட்டை, சுற்றிலும் பாறையும் சதுப்பும் பைனும் கலந்த காடு. ஓரியண்டீரிங்கைப் பின்தொடர்கிறவர்களிடம் ஹால்டன் என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. வட நாடுகளின் பெரிய ரிலே போட்டிகளில் பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்கும் கிளப் அது. தேசிய அணி என்பது ஆண்டுக்குச் சில வாரங்கள். ஓட்டக்காரரை நாள்தோறும் உருவாக்குவது கிளப்தான். இந்த விளையாட்டில் பரிசுப் பணமும் விளம்பரப் பணமும் மிகக் குறைவு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் இருக்கிறவர்களில் பலரும் படிப்பையோ வேலையையோ ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

2010-ல் உலக சாம்பியன்ஷிப் நார்வேயிலேயே, ட்ரொண்ட்ஹைமில் நடந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும், 2008-லும் 2009-லும், நெடுந்தூரத் தங்கத்தை வென்றவர் சுவிட்சர்லாந்தின் டேனியல் ஹூப்மான். ட்ரொண்ட்ஹைம் பக்கத்துக் காடு ஈரமான காடு. சதுப்பில் கால் புதையும், பூமி ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும். தார்ச்சாலையில் வேகமாக ஓடுகிறவருக்கு அங்கே பெரிய சலுகை ஒன்றும் கிடைக்காது. 22 வயது லுண்டனேஸ் அங்கே ஜெயித்தார். சொந்த நாட்டு மண் என்பதால் வந்த வெற்றி என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். இரண்டே வருடத்தில் சுவிட்சர்லாந்தின் லோசானில், ஹூப்மானின் சொந்த நாட்டில், அவர் இரண்டாவது தங்கத்தை எடுத்தபோது அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

இந்தக் கதையில் இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. பிரான்ஸின் தியெரி ஜியோர்ஜியூ. லுண்டனேஸைவிட எட்டு வயதுக்கு மேல் மூத்தவர், நடுத்தர தூரத்தின் ராஜா. 2010 முதல் 2019 வரை பத்து உலக சாம்பியன்ஷிப்களில் ஆண்கள் நெடுந்தூரத் தங்கம் இந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் போகவில்லை. லுண்டனேஸ் ஆறு, ஜியோர்ஜியூ நான்கு, அதாவது 2011, 2013, 2014, 2015. அதிலும் 2014-ல் இத்தாலியில் நடந்தது சுவாரசியமானது. நடுத்தர தூர ராஜா நெடுந்தூரத்தை ஜெயித்தார். நெடுந்தூரக்காரரான லுண்டனேஸ் நடுத்தர தூரத்தை ஜெயித்தார். ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்து சாப்பிட்ட மாதிரி. தனிநபர் போட்டிகளில் நெடுந்தூரத்துக்கு வெளியே அவருக்குக் கிடைத்த முதல் உலகத் தங்கம் அது.

ஜியோர்ஜியூவைப் பற்றிப் பேசும்போது 2009-ஐயும் சொல்லிவிட வேண்டும், அதில் ஒரு நார்வேக்காரரும் இருக்கிறார். ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் ரிலேயின் கடைசிச் சுற்று. பதக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஸ்வீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் மரக்குச்சி ஒன்று ஆழமாகக் குத்தி இறங்கிவிட்டது. அவரோடு முன்னணியில் ஓடிய ஜியோர்ஜியூ, நார்வேயின் ஆண்டர்ஸ் நோர்ட்பெர்க், செக் நாட்டின் மிகால் ஸ்மோலா மூவரும் நின்றுவிட்டார்கள். காட்டுக்குள் நடுவரும் இல்லை, கேமராவும் இல்லாத இடம். பதக்கத்தைப் போகவிட்டு, அடிபட்டவரை வெளியே கொண்டுவர உதவினார்கள். தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. அந்த ஓட்டத்தில் யார் முதலில் வந்தார் என்று கேட்டால் பலருக்கும் நினைவிருக்காது. நின்றவர்கள் யார் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

2013 முதல் 2015 வரை நெடுந்தூரத் தங்கம் லுண்டனேஸ் கைக்கு எட்டவில்லை. மூன்று வருடமும் பிரெஞ்சுக்காரர் ராஜ்ஜியம். ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையில் 25-லிருந்து 27 வயது வரை என்பது சாதாரண காலம் இல்லை. உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் பலர் வேறு பிரிவுக்குப் போயிருப்பார்கள். அப்போது ஓரியண்டீரிங் வேறு ஒரு பக்கமாகவும் திரும்பிக்கொண்டிருந்தது. நகரத் தெருக்களில் 12 முதல் 15 நிமிடத்தில் முடியும் ஸ்பிரிண்ட் போட்டிகளுக்குத் தொலைக்காட்சியில் மவுசு கூடியது. பார்க்கிறவர்களுக்கு வசதி, கேமரா வைக்க வசதி. லுண்டனேஸ் காட்டை விடவில்லை. இன்று பார்த்தால் பிடிவாதம் பலித்தது என்கிறோம். அன்றைக்கு அது பிடிவாதம் மட்டும்தான்.

2016-ல் போட்டி ஸ்வீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாடுக்கு வந்தது. ஹால்டனிலிருந்து எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம். மொட்டைப் பாறைகளும், பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய சதுப்புப் பள்ளங்களும் நிறைந்த நிலம். கிளப் பயிற்சியில் வருடக்கணக்கில் மிதித்த மண்ணின் சகோதரி. மூன்றாவது தங்கம் கிடைத்தது. இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். உலக சாம்பியன்ஷிப் நடக்கப்போகும் காட்டுக்குள் ஓட்டக்காரர்கள் நுழையக் கூடாது. சில வருடங்களுக்கு முன்பே எல்லை போட்டுத் தடை அறிவித்துவிடுவார்கள். அதனால் தயாரிப்பு என்பது ஒருவகை துப்பறியும் வேலை. அந்த இடத்தின் பழைய வரைபடத்தைத் தேடுவது, பக்கத்தில் அதே மாதிரி நிலத்தில் போய் ஓடுவது, தடம் போடுகிறவர் எந்த இடத்தைப் பயன்படுத்துவார் என்று ஊகிப்பது. ஹால்டன்காரர்களுக்கு ஸ்ட்ரோம்ஸ்டாடுக்கான பயிற்சி நிலம் வீட்டு வாசலிலேயே இருந்தது.

ஆனால் அடுத்த இரண்டும் அப்படி இல்லை. 2017-ல் எஸ்தோனியா, 2018-ல் லாட்வியா. பால்டிக் நாடுகளின் காடு நார்வேக் காடு மாதிரி இருக்காது. பாறை குறைவு, மண்மேடுகள் அதிகம், கோடையில் இடுப்பளவு செடி வளர்ந்து தரையே தெரியாது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவுகள் ஏறி இறங்கியே கால் செத்துவிடும். அங்கே பாறையைப் பார்த்து இடத்தை அடையாளம் காண்கிற பழக்கம் உதவாது. நிலத்தின் வடிவத்தை மட்டும் வைத்துப் படிக்க வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் ஜெயித்தார். என்னைக் கேட்டால் ஆறில் கனமானவை இவை இரண்டும்தான். எஸ்தோனியாவோடு ஜியோர்ஜியூ ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, பிறகு ஸ்வீடன் தேசிய அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். போட்டியாளர் ஒதுங்கியதால் லுண்டனேஸுக்குப் பாதை சுலபமானது என்று சொல்ல இடமில்லை, ஏனென்றால் 2016-லும் 2017-லும் அவர் தங்கம் எடுத்தபோது ஜியோர்ஜியூ ஓடிக்கொண்டுதான் இருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் ரிலே தங்கம் வென்ற நார்வே அணியிலும் லுண்டனேஸ் இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. நெடுந்தூரத்தில் முன்னணி ஓட்டக்காரர்களைக் கடைசியில்தான் அனுப்புவார்கள். முன்னால் போனவர்களின் காலடியில் புல் மடிந்திருக்கும், சதுப்பில் தடம் விழுந்திருக்கும். அது ஒரு சின்ன லாபம். நஷ்டம் என்னவென்றால் நமக்கு முன்னால் வேகமான ஆள் யாரும் கிடைக்க மாட்டார். பின்னால் வரும் வேகமானவர் எட்டிப் பிடித்துவிட்டால் அவரோடு ஒட்டிக்கொண்டு ஓடி நேரத்தைச் சம்பாதிப்பது இந்த விளையாட்டில் தீராத சர்ச்சை. இதைப் பிரிக்கவே ஓட்டக்காரர்களுக்கு ஒரே கொடிகளை வேறு வேறு வரிசையில் கொடுக்கும் சுழல்களைத் தடத்தில் வைக்கிறார்கள். பட்டத்தைக் காக்க வந்தவருக்கோ ஒட்டிக்கொள்ள ஆள் கிடையாது. ஒன்றரை மணி நேரமும் தன் மூளையை மட்டும் நம்பி ஓட வேண்டும்.

இப்படிப்பட்ட ஆள் நார்வேயில் முளைத்தது தற்செயல் இல்லை. 1897 அக்டோபர் 31 அன்று இன்றைய ஓஸ்லோவுக்கு அருகே ட்யால்வே என்ற விளையாட்டுக் கழகம் நடத்தியதுதான் பொதுமக்களுக்கான முதல் ஓரியண்டீரிங் போட்டி என்று சொல்லப்படுகிறது. எட்டுப் பேர் ஓடினார்கள். அதற்கு முன் ராணுவப் பயிற்சியாக இருந்த ஒன்று, அன்று காட்டை விரும்புகிறவர்களின் விளையாட்டானது. 1957-ல் நார்வே ஒரு சட்டம் போட்டது. வேலி போட்ட தோட்டம், பயிர் நிற்கும் வயல், வீட்டு முற்றம் தவிர, காடு மலை யாருக்குச் சொந்தமானாலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஓடலாம், பெர்ரி பறிக்கலாம். அதுவரை வழக்கமாக இருந்த உரிமை சட்டத்தில் ஏறியது. காட்டுக்குள் போவதற்கு அனுமதிச் சீட்டும் காவலாளியும் உள்ள நாட்டில் இந்த விளையாட்டு இவ்வளவு வேர்விட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1966-ல் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் தனிநபர் தங்கம் நார்வேயின் ஓகெ ஹாட்லருக்கு. 1972-ல் மறுபடி அவரே. இடையில் 1970-ல் பெண்கள் தங்கம் இங்ரிட் ஹாட்லருக்கு; இருவரும் கணவன் மனைவி. பிறகு எகில் யோஹான்சன், ஓய்வின் தோன், பெட்டர் தோரசன் என்று வரிசை நீள்கிறது. தொண்ணூறுகளில் மறுபடி ஒரு குடும்பம்: 1997-ல் ஹன்னே ஸ்டாஃப், 1999-ல் பியோர்நார் வால்ஸ்டாட், இருவரும் உலக சாம்பியன்கள், இருவரும் தம்பதி. வீட்டில் வழி யார் சொல்வார்களோ தெரியவில்லை.

லுண்டனேஸின் ஆறாவது தங்கம் 2019-ல், ஓஸ்ட்ஃபோல்டில். ஹால்டன் இருக்கும் வட்டாரமே அதுதான். சொந்தக் கிளப்பின் பக்கத்துக் காட்டில், சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால், 31 வயதில், தொடர்ந்து நான்காவது முறை. அன்று வெள்ளி வாங்கியவரும் நார்வேக்காரரே: காஸ்பர் ஃபொஸர், வயது 20. அதற்குப் பிறகு வெற்றியாளர் பட்டியலில் லுண்டனேஸின் பெயர் இல்லை. 2021-ல் செக் குடியரசிலும் 2023-ல் சுவிட்சர்லாந்திலும் நெடுந்தூரத் தங்கம் ஃபொஸருக்குப் போனது. அவர் நகர ஸ்பிரிண்டிலும் 2022-ல் டென்மார்க்கில் ஜெயித்தவர், லுண்டனேஸ் எட்டாத பக்கம் அது.

ஆறு என்ற எண்ணிக்கையை ஃபொஸர் தாண்டுவாரா என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். 2019 முதல் உலக சாம்பியன்ஷிப்பை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு வருடம் காடு, அடுத்த வருடம் நகரம். லுண்டனேஸ் ஓடிய காலத்தில் வருடா வருடம் ஒரு நெடுந்தூரத் தங்கம் காத்திருந்தது. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒன்றுதான். 2021-ல் தொடங்கி ஒன்றைக்கூட விடாமல் ஒருவர் ஜெயித்துக்கொண்டே போனாலும் ஆறாவது தங்கம் கைக்கு வருவது 2031-ல்தான். அப்போது ஃபொஸருக்கும் முப்பது தாண்டியிருக்கும்.